நாலு நொடி இருட்டு

"கேம் ஆடுவீங்களாக்கா?" என்றான் முனிரத்தினம்.
புத்தூர்க் கடையின் கண்ணாடிக்குள்
மூன்று விசிறி வைத்த கார்டுகள்
சிவப்பும் பச்சையுமாய் மினுக்கின.
இல்லை என்றேன்.
"அப்ப வீடியோ எடிட்டிங்?"
அதுவும் இல்லை.
நகரியில் சாவு பேனர் அடிக்கிறேன்.
தமிழில் கண்ணீர் அஞ்சலி,
தெலுங்கில் அஸ்ரு நிவாளி.
இரண்டுக்கும் ஒரே ரோஜா, ஒரே மேகம்.

அவன் சிரிக்கவில்லை.

எனக்கு இரண்டு திரை.
ஒன்று என் பக்கம்.
மூடிப்போன நெட் சென்டரில் அறுநூறுக்கு எடுத்த இன்னொன்று
மேசைக்கு அந்தப் பக்கம், வந்தவர்கள் பார்க்க.
இல்லையென்றால் என் முதுகில் மூச்சுவிட்டபடி நின்று
"அந்த எழுத்து இன்னும் பெருசா" என்பார்கள்.

பங்குனியில் தேசப்பன் வந்தார்.
லோகம்மாவுக்குத் தனியாய் ஒரு படம்கூட இல்லை.
மச்சினன் மகள் கல்யாணத்தில்
சாப்பிட்டு முடித்து எட்டுப் பேர் நின்ற படம்தான்.
வெட்டத் தொடங்கினேன்.
சித்தி போனாள்.
குழந்தை போனது.
நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் போயின.
தோளில் ஒரு கை மிச்சம்.
பெரிதாக்கி, விரல் விரலாய்
புடவையின் மாம்பழ நிறத்தைத் தொட்டுத் தடவினேன்.
மூன்றாவது விரலில்
"அது என் கைம்மா" என்றார்.

அந்தப் பக்கமும் இதுவேதான் தெரிகிறது என்பது
அப்போதுதான் உறைத்தது.
திரையை மாற்றும் பொத்தானை அழுத்தினேன்.
பழைய கார்டு. மாற நாலு நொடி பிடிக்கும்,
அதுவரை இரண்டு திரையும் இருட்டு.
அந்த நாலு நொடியும் தேசப்பன்
கறுத்த கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்திருந்தார்.
நெற்றி மயிரைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

இதைக் கடையில் எப்படிக் கேட்பது?
டக்கென்று மாறணும் என்றேன்.
"நீங்க கேக்கறது மாத்தறது இல்லக்கா, பிரிக்கறது.
உங்க பக்கம் வேலை ஓடும்.
அந்தப் பக்கம் வேற ஒண்ணு நிக்கும்.
முடிச்சதும் இழுத்து அங்க விட்டுடுங்க."

பிறகு கணக்கு.
விசிறி வைத்தது வேண்டாம்.
எங்கள் தெருவில் தறி ஓடுகிறது,
பஞ்சு படிந்து ஆறே மாதத்தில் விசிறிக்கு மீசை முளைத்துவிடும்.
பெட்டி ஒல்லி, உயரமான கார்டு நுழையாது.
நெட் சென்டர் திரைக்கு அந்த நீலத் தலை வயர் மட்டும்தான் சேரும்.
திருத்தணியில் இருநூறு குறைவுதான்.
ஆனால் அங்கே கேம் ஆடுவீங்களா என்று கேட்டவன்
பதிலுக்கு நிற்கவில்லை.
நாலாயிரத்து நூறு, ரசீதோடு.

அந்தப் பக்கம் எதை நிற்க வைப்பது?
அருவி வைத்தேன். வாய்விட்டுக் கொட்டுகிற மாதிரி இருந்தது, எடுத்தேன்.
பெருமாளை வைத்தேன்.
மறுநாளே சர்ச் தெருவிலிருந்து வந்தார்கள்.
கடைசியில் வெறும் நீலம்.

முப்பதாம் நாள் பேனருக்கு
தேசப்பன் திரும்ப வந்தார்.
நீலத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.
"அந்தக் கையை அழிச்சிட்டியாம்மா?"

அழிக்கவில்லை.
நான் தடவிய நிறமெல்லாம் தனி லேயர்.
அதன் பக்கத்தில் சின்னதாய் ஒரு கண் இருக்கும்.
அந்தக் கண்ணை மூடினேன்.
கை வந்தது.
இழுத்து அவர் பக்கம் விட்டேன்.

ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன் திருப்பத்தில் கட்டியிருக்கிறார்கள்,
எட்டுக்கு ஆறு.
லோகம்மா தோளில் மணிக்கட்டு வரை ஒரு கை,
அதற்கு மேல் மேகம்.
இதுவரை ஏழு பேர் போன் செய்துவிட்டார்கள்,
நாலு பேர் தெலுங்கில்:
அக்கா, ஒரு கை வெட்டாம விட்டுப்போச்சே.