ஆண்டு இரண்டு, பி வகுப்பு

என்னிடம் சிவப்புப் பேனா இல்லை.
அதிபர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
பதினொரு வருஷம்
மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம்
வயிறு மண்ணில் உரச ஊர்ந்தவன் நான்.
பிள்ளையின் கொப்பியில்
அந்த நிறத்தை எப்படி வைப்பேன்?

ஒரு நாளைக்கு ஒன்றரை மீற்றர்.
அவ்வளவுதான் எங்கள் வேகம்.
கம்பியை முப்பது பாகையில் சாய்த்துக் குத்தி,
முட்டினால் நிறுத்தி,
விரலால் மண்ணை விலக்கி.
அவசரப்பட்டவன் ரத்னசிறி.
அவனது ஒரு சப்பாத்தை நான்தான் தூக்கி வந்தேன்.

ஆகவே ஸிம்ராஸ்,
'ழ'வின் வால் எந்தப் பக்கம் வளையும் என்று
நீ இன்னும் யோசி.
மணி அடித்தால் அடிக்கட்டும்.
இறக்காமக் குளத்துக் காற்று
ஜன்னலால் வந்து தாளைப் புரட்டும்,
கையால் அமத்திக்கொள்.

முகாமில் காலைக் கணக்கெடுப்பில்
ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால்
யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம்.
இங்கே இடாப்பில்
ஹஸ்னாவுக்கு நேரே இரண்டு நாள் வெறுமை.
அஸருக்குப் பிறகு சைக்கிளை எடுத்தேன்.
கொப்புளிப்பானாம்.
கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்தது:
"சேர், என்ட பென்சில ஆருக்கும் குடுக்காதீங்க."

குடுக்கவில்லை.
மேசை லாச்சிக்குள் கிடக்கிறது,
பின்பக்கம் நன்றாகக் கடிபட்டு.

இன்று அஃப்லால் வெறுங்கையோடு வந்தான்.
என் நீலப் பேனாவை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"இத அழிக்க ஏலாதே, சேர்."

"ஓம்," என்றேன்,
"மெல்ல எழுது, மனே."