கீழே ஒரு சின்ன எட்டு

தோட்டப்பாளையத்தில் என் கடைக்கு வருகிறவர்கள்
வில்லங்கச் சான்று எடுப்பார்கள், ஹால் டிக்கெட் எடுப்பார்கள்,
ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை மூன்று நகல் கேட்பார்கள்.
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிய பிறகு
அதே கணினியில் ஐந்து கோடுகள் விரியும்.
கொயருக்கு நோட்டு அடிக்கிறவன் நான்.
பாட வராது.
வராது என்று எனக்கே தெரியும் என்பதால்தான்
இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு தொர்காஸ் வந்தாள்.
காட்பாடி ஜங்ஷனில் டிக்கெட் கொடுப்பவள்.
கவுண்டர்க் கண்ணாடியின் துளை வழியே
"சில்லறை இருக்கா" என்று அவள் கேட்டால்
வரிசையின் கடைசி ஆள் சட்டைப்பையைத் தடவுவான்.
அது ஜூன் வரைக்கும்.
தைராய்டை எடுத்துவிட்டார்கள்.
கழுத்தடியில் இப்போது மெல்லியதாய் ஒரு வளைகோடு,
இரண்டு ஸ்வரத்தைப் பிரிக்காமல் பாடு என்று
யாரோ போட்டுவிட்டுப் போன ஸ்லர்.
பழைய மேல் 'ஈ' வரை போனால்
ஈ பறக்கிறது, குரல் வருவதில்லை.

"தனியாப் பாடுற அடி எனக்குத்தான் வேணும்.
கீழ எறக்கிக் குடு."

முதலில் நான் செய்தது முட்டாள்தனம்.
ட்ரெபிளை எடுத்துவிட்டு பேஸ் க்ளெஃப் வைத்தேன்.
இறங்கும் என்று பார்த்தால்
நோட்டுகள் எல்லாம் கோட்டை விட்டு மேலே தாவி,
துணைக்கோடுகளை ஏணியாகச் சாத்தி
மொட்டை மாடியில் போய் நின்றுகொண்டன.
ஓடவிட்டுக் கேட்டேன். அதே பழைய உயரம்.
கோட்டை விட்டது அவை இல்லை, நான்.
கதவு எண்ணை மாற்றினால் வீடு நகருமா?
எங்கள் தெருவில் நகராட்சி
இரண்டு முறை முயன்று பார்த்திருக்கிறது.

பிறகு ஒழுங்கான வழி:
எல்லாவற்றையும் தேர்ந்தெடு. பர்ஃபெக்ட் ஃபோர்த். கீழ்நோக்கி.
ஜி மேஜர் டி ஆனது, ஒரு ஷார்ப் இரண்டானது.
எல்லோரும் ஒரே அளவு இறங்கியதால்
ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இருந்த தூரம்
நூலளவும் குறையவில்லை.
ஓர் இடத்தில் மட்டும்
ஜி ஷார்ப் வரவேண்டிய வீட்டில்
ஏ ஃப்ளாட்டைக் குடிவைத்திருந்தது மென்பொருள்.
காதுக்கு இரண்டும் ஒன்று, கரியும் கறியும் போல.
படிக்கிறவனுக்கு அடுப்பு வேறு, குழம்பு வேறு.
திருத்தினேன்.

குணசீலன் தன் பேஸ் வரியைப் பார்த்துவிட்டு
"இன்னாயா, பாலாத்துல ஊத்து தோண்டுற ஆழத்துக்கு எறக்கிக்கினு?
அங்க எனக்குத் தண்ணியே இல்ல" என்றார்.
அவரை மட்டும் ஓர் ஆக்டேவ் தூக்கிவிட்டேன்.
டெனர்களின் தோளில் இடித்தார்.
டெனரே மொத்தம் இரண்டு பேர்,
ஒருவருக்கு நைட் ஷிப்ட்.
அந்தக் காலி இடத்தில்தான் தொர்காஸை உட்காரவைத்தேன்,
அவர்களுடைய க்ளெஃபோடு:
பார்க்க ட்ரெபிள்தான், வாலுக்குக் கீழே
எறும்பளவில் ஓர் எட்டு.
எழுதியிருப்பதைவிட ஓர் ஆக்டேவ் கீழே பாடு என்று பொருள்.
உடனே நோட்டுகள் கோடுகளின் உச்சிக்கு வந்துவிட்டன.
ஜூனுக்கு முன்னால் அவள் நின்ற இடத்துக்கும் மேலே,
பார்வைக்கு.
வசதிக்குச் செய்தேனா, ஆறுதலுக்கா என்று
அச்சாகி வரும்வரை நான் யோசிக்கவில்லை.

கரண்ட் போனது. யூ.பி.எஸ். கூவத் தொடங்கியது,
ஜி ஷார்ப்பா ஏ ஃப்ளாட்டா, யார் கண்டது.
திரை வெளிச்சத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு
உச்சி நோட்டில் விரல் வைத்தாள்.
விரல் இடப்பக்கமாக ஊர்ந்து, இறங்கி, நின்றது.

"இந்த எட்ட இன்னாத்துக்கு இவ்ளோ சின்னதாப் போட்டுக்கினே?"
"அது தானா அப்படித்தான் வருது."
"பெருசாக்கு. பாக்கறவங்க
நான் அங்க பாடறேன்னு நெனச்சிக்கப் போறாங்க."

மெனு மெனுவாகத் தேடினேன்.
பேட்டரி இன்னும் ஆறு நிமிடம் என்றது.
அவளே என் மேசையில் இருந்த பேனாவை எடுத்து,
டிக்கெட்டில் பெட்டி எண்ணைச் சுழிக்கிற அதே சுழிப்பில்
எட்டைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"எவ்ளோ ஆச்சு?"
ஒரு பக்கம், ரெண்டு ரூபாய்.

ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.