குதிரைக்கு பிரேக் எங்கே

குதிரைக்கு பிரேக் எங்கே என்றுதான்
முதலில் கேட்டார் முவம்மர்.
இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர்.
கைசேரிக்கும் மெர்சினுக்கும் நடுவில்
எத்தனை மூட்டை சிமென்ட் இறக்கினாரோ
அவருக்கே கணக்கில்லை.
சவாரிக்குப் பணம் கட்டியது மகள்.
ஓய்வு பெற்ற மனிதர்
வீட்டில் கதவுக் கீல்களுக்கெல்லாம்
தினமும் எண்ணெய் விடுகிறாராம்.

இடப்பக்கமாக ஏறுங்கள் என்றேன்.
அங்கவடியில் முன்பாதம் மட்டும்.
குதிகால் கீழே. வார் தளர்வாக.
பார்வை தூரத்தில்.
நாளைக்கு மூன்று முறை சொல்வது.
தூக்கத்திலும் சொல்கிறேன் என்று
அறைத்தோழி தைலான் புகார் சொல்வாள்.

அவருக்குக் கொடுத்தது பெக்மெஸ்.
திராட்சைப் பாகு நிறம், பாகைப் போலவே நடை.
யார் ஏறினாலும் அதற்கு ஒன்றுதான்.
எனக்கு ருஸ்கார். காற்று என்று பெயர்.
பெயரை அது நம்பிவிட்டது.

விடியும் முன்பே இறங்கினோம்.
ரோஜாப் பள்ளத்தாக்கு என்பார்கள் விளம்பரத்தில்.
இந்த நேரத்தில் அது
அறுத்துவைத்த இறைச்சி நிறம்தான்.
வெயில் ஏற ஏறத்தான் வெட்கப்படும்.
கூம்பு கூம்பாகப் பாறைகள்,
சிலவற்றின் தலையில் கறுப்புக் கல் தொப்பி.
மேலே புறா மாடங்கள்.
எருவுக்காகக் குடைந்தவை;
இப்போது எரு கடையில் கிடைக்கிறது,
புறாக்களிடம் யாரும் சொல்லவில்லை.

முவம்மர் எதையும் பார்க்கவில்லை.
பெக்மெஸின் இரண்டு காதுகளுக்கு நடுவே
சாலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
முட்டி வெளுத்த கை.

சரிவில், பின்னால் சாயுங்கள் என்றேன்.
"இரண்டாம் கியர்" என்றார்.
அதேதான் என்றேன்.
அந்தச் சொல் அவர் முதுகுக்குள் போனது.
இடுப்பு இளகியது.
சேணத்தின் கிறீச்சு நின்றது.

வாதுமைத் தோப்பு வளைவில்
தலைக்கு மேல் ஒரு பெருமூச்சு.
பலூன்.
நெருப்பு உறுமியது. பாறையில் நழுவி
நிழல் எங்கள் மேல் விழுந்தது.
ருஸ்கார் பக்கவாட்டில் பாய்ந்தது
என்பது பிறகு யோசித்துத் தெரிந்தது.
அப்போது தெரிந்தது
வாயில் மண். காதோரம் நசுங்கிய தைம் வாசனை.
ஆறு வருடத்தில் முதல் முறை.

பெக்மெஸ் அசையவில்லை.
எட்டிய கிளையில் இலை தின்றது.
மேலிருந்து ஒரு குரல்:
"செலிஹா ஹனும்! செலிஹா ஹனும்!
இதிலிருந்து எப்படி இறங்குவது?"

இறங்குவது கடைசிப் பாடம்.
லாயத்தில்தான் சொல்லித் தருவேன்.

கிடந்தபடியே சிரித்தேன். விலா வலித்தது.
உட்கார்ந்தே இருங்கள், முவம்மர் பே,
உங்கள் வண்டிதான் ஓடுகிறது.
அவரும் சிரித்தார்.
"குதிகால் கீழே" என்றார் எனக்கு,
என் குதிகால்கள் ஆகாயம் பார்த்துக் கிடந்தன.

ருஸ்கார் லாயத்துக்கே போய்விட்டது.
நான் நடந்தேன். அவர் பக்கத்தில் சவாரி.
தரையிலிருந்து பார்த்தால் வேறு பள்ளத்தாக்கு:
குளம்புகள் அரைத்து அரைத்துப்
பாறையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு தடம்.
தினமும் இதற்குள்தான் போய்வருகிறேன்.
மேலிருந்து அவர் சொல்லிக்கொண்டே வந்தார்,
அதோ அந்த மாடத்தில் சிவப்புச் சாயம்,
இரண்டு கோடு, ஒரு கைத்தடம்,
யாரோ ஏணியில்லாமல் ஏறியிருக்கிறார்,
பார்த்தீர்களா என்று.
பார்த்ததில்லை என்று சொல்லவில்லை.

லாயத்தில் ருஸ்கார்
ஒன்றும் நடக்காததுபோல் தண்ணீர் குடித்தது.
இப்போது இறங்கலாம் என்றேன்:
இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுங்கள்,
முன்னால் சாயுங்கள், வலது காலைப் பின்னால் சுற்றி—

கொஞ்சம் பொறுங்கள் என்றார்.
கால்களுக்கு நடுவே பெக்மெஸின் வயிறு
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
"இன்னும் ஓடுகிறது" என்றார்,
கழுத்தில் உள்ளங்கையை வைத்து,
"இதை அணைக்கவே மாட்டீர்களா?"