பதினொன்று, இருபத்தொன்று

வாய்க்குள் ஒவ்வொரு பல்லுக்கும்
நாங்கள் எண் வைத்திருக்கிறோம்.
மேல்வரிசையில் நடுவே நிற்பவை
பதினொன்று, இருபத்தொன்று.
கோட்டையூர் சோமாஸ்கந்தனுக்கு
இரண்டுமே ஆடின.

காரைக்குடி செக்காலை ரோட்டில் என் கிளினிக்.
ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்.
உறைபோட்ட நாயனத்தை
அதற்கும் டோக்கன் வாங்கியவர்போல
பக்கத்து நாற்காலியில் கிடத்தினார்.

திறந்த வாயில்
ஐம்பத்தொரு வருஷம் இருந்தது.
கீழுதட்டின் உட்புறம்
சீவாளி உட்கார்ந்து உட்கார்ந்து
காய்த்துப்போன மேடு.
கடைவாயில் வெற்றிலை.
பதினொன்றில் ஒரு மூலையைக் காணோம்.

"கானாடுகாத்தான் கல்யாணம், டாக்டரம்மா.
திருப்பூட்டுற நேரம் பாத்து
ஓடிவந்த பய அணசுல முட்டிட்டான்.
கெட்டிமேளம் நிக்கலாமா?
ரத்தத்தோட வாசிச்சேன்.
கழுத்தூரு ஏறின பெறகுதான் துப்பினேன்."

இந்தக் கூச்சம்?
"பினாங்கு. தைப்பூசம்.
வெள்ளி ரதத்துக்கு முன்னால விடிய விடிய மல்லாரி.
தாகத்துக்கு ஐஸ் தண்ணி குடுத்தாங்க."

இருபத்தொன்றில்
மயிரிழைபோல் நெடுக ஓடிய விரிசலுக்கு மட்டும்
உடனே பதில் வரவில்லை.
மார்கழியில் மூன்று தரம் சென்னைக்குப் போனாராம்.
மூன்று தரமும் திறப்புவிழா.
விருந்தாளிகள் குத்துவிளக்கு ஏற்றி முடிக்கும்வரை
மங்கள இசை, பத்து நிமிஷம்.
மூன்றாவது தரம் எட்டாவது நிமிஷத்திலேயே
ஓரத்தில் நின்ற ஒருவர் கையைக் காட்டினார்.
"பல்லைக் கடிச்சுக்கிட்டு எறங்கினேன்.
அதா இருக்கும்."

ஊசி போட்டேன்.
தொடையில் அவர் விரல்கள் ஏதோ தாளத்தில் நடந்தன.
தாளத்தின் நடுவில் பிடுங்கிவிட்டேன் போல.
விரல் ஒன்று தடுக்கி,
மறுபடி எடுத்துக்கொண்டது.

மதுரை லேபிலிருந்து பிளேட் வந்தது.
மாப்பிள்ளைப் பல்,
வெள்ளை வெளேரென்று, ஒட்டிநின்று.
கண்ணாடியில் சிரித்துப் பார்த்தார்.
பிறகு உறையை அவிழ்த்தார்.
காத்திருந்த ஏழு பேரும்
தங்கள் கன்னங்களைப் பிடித்தபடியே கேட்டார்கள்.
ஷட்ஜம் வந்தது என்றார். பஞ்சமம் வந்தது என்றார்.
சகானாவில் காந்தாரத்துக்கு இறங்கும்போது
வீட்டு எண்ணை மறந்தவர்போல நின்றுவிட்டார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது.
ஆனால் முகத்தைப் பார்த்து
எங்கே வலி என்று சொல்லிவிடுவேன்.

ஆறு தரம் வந்தார்.
ஆறு தரமும் அரத்தால் ராவினேன்.
விளிம்பில் கொஞ்சம், அடியில் கொஞ்சம்.
ஆறாவது தரம்
கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார்:
"பழசுல நடுவுல ஒரு சந்து இருந்துச்சு.
ஒரு அரிசி நுழையும்.
மேலுதடு அதுக்குள்ள லேசாப் பதியும்.
அதை வெச்சுத்தான் காந்தாரத்தைச் சாய்ப்பேன்.
என் தவில்காரருக்குக்கூடத் தெரியாது."

இழுப்பறையில் பழைய அச்சு இருந்தது.
அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர்.
எழுதி அனுப்பினேன்.
லேபிலிருந்து போன்:
"மேடம், தப்பா எழுதிட்டீங்களா?
எல்லாரும் மூடத்தானே சொல்வாங்க?"
இடைவெளியோடு செய்யுங்கள் என்றேன்.

புதுசை மாட்டிக்கொண்டு
ஊதிப் பார்க்காமலே போனார்.
கட்டணத்தை மொய்க்கவரில் வைத்து,
ஒரு ரூபாய் சேர்த்து.

வைகாசியில் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம்.
எனக்கு இரண்டாம் பந்தி.
இலையில் பால்பணியாரம் விழுந்தபோது
முகப்பிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.
சகானாவாம், பக்கத்து இலைக்காரர் சொன்னார்.
காந்தாரம் வந்ததா,
வந்து சரியாகச் சாய்ந்ததா,
நான் என்னத்தைக் கண்டேன்?

பன்னிரண்டு வயதில்
அப்பா கம்பி கட்டி மூடிய பற்கள் எனக்கு.
அவற்றுக்கு நடுவே
என் நாக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தது,
பணியாரம் ஆறும்வரை.