பதினொரு பேர்

புதன் பின்னேரங்களில் கதவில் ஒரு மட்டை தொங்கும்:
"டொக்டர் இல்லை. கூட்டம்."
அதை வாசித்த பிறகும் ஆறு பேர்
வாங்கை விட்டு எழும்பவில்லை.
கூட்டம் என்றால் முடியும்தானே என்றார்
ஆமர் வீதி ஸ்டெலா.
ஸ்டெலாவுக்கு அமைச்சைத் தெரியாது.

ஓட்டோவில் என் மடியில் ஒரு கொப்பி,
எண்பது பக்கம், கணக்குக் கட்டம் போட்டது.
அதில் பதினொரு பெயர்.
முதலாவது சூசைதாசன்,
துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர்.
ஆஸ்பத்திரி கொடுத்தது வெள்ளைக் குளிசை,
கடையில் வாங்கியது இளஞ்சிவப்பு.
இரண்டின் மேலும் இங்கிலீசு.
ஒன்று பிரசருக்கு, மற்றது தலைச்சுற்றுக்கு என்று
தானே பிரித்துக்கொண்டார்.
விழுங்க விழுங்கத் தலை சுற்றியது,
தலை சுற்றச் சுற்ற விழுங்கினார்.
இரண்டும் ஒரே மருந்து.
ஜம்பட்டா வீதி மாடிவீட்டின் ஏழாம் படியில்
இடுப்பு உடைந்தது.

நான் கேட்கப் போனது பெரிய விசயமில்லை.
குளிசைப் பையில் மருந்தின் பெயர்,
அவரவர் மொழியில்.
ஒரு வரி.
ஒரு வரிக்கு எவ்வளவு மை போகும்?

நீள மேசை. ஏசிக் குளிர்.
குடும்ப வைத்தியர்களுக்கென்று ஏழு நிமிடம்.
எனக்கு முன்னால் இதயம் பேசியது,
சிறுநீரகம் பேசியது, கண் படம் போட்டுக் காட்டியது.
ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் ஆள் வந்திருந்தார்.
நான் சூசைதாசனுக்காக வந்திருந்தேன்,
முழுசாக.

தலைமை வகித்தவர் கோபப்படவில்லை.
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"ஒரு கிளினிக், பதினொரு பேர்.
இது தரவு இல்லை, டொக்டர். கதை."
பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.
எடுத்தேன். பசி.

அன்றிரவு, பூப்படங்களும் மரண அறிவித்தல்களும்
மட்டுமே வரும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில்
ஒரு கேள்வி போட்டேன்:
உங்கள் வாங்கில் எத்தனை பேர்?

தெமட்டகொடை ரிபாயா: ஒன்பது.
பிலியந்தலை சமிந்தி: இருபத்திரண்டு,
கீழே ஒரு குறிப்பு:
சிங்களமும் பையில் இல்லை, கவனித்தாயா?
(கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.)
வெள்ளவத்தைக் குகநேசன்,
பொதுக்கூட்டத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்காதவர்:
எழுதி வைக்கவில்லை. நாளையிலிருந்து எழுதுகிறேன்.
மட்டக்குளியில் இருந்து விடியற்காலை ஒரு படம் வந்தது.
பழைய மருந்துத் துண்டுகள்,
பின்பக்கமெல்லாம் பெயர்கள்,
றப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு.
இவர் எங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கிறார்.
யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்று மாதம். முந்நூற்று நாற்பத்தாறு.
அதே மேசை, அதே பிஸ்கட்.
இம்முறை கொப்பியை அவர் வாங்கிப் புரட்டினார்,
ஒரு பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தாமதித்தார்.
அறிக்கையில் வந்தது இது:
"கவனத்தில் எடுக்கப்பட்டது."
எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு:
இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வந்து காட்டுங்கள்.

திரும்பி வர எட்டு மணி.
மட்டையைக் கழற்றினேன்.
வாங்கில் நான்கு பேர், ஓரத்தில் ஊன்றுகோலோடு சூசைதாசன்.
வழமைபோல் அவர் பையில் ஒரு சூரியன் கீறினேன்,
சந்திரனை வெட்டினேன்.
பிறகு, கவனத்தில் எடுக்கப்பட்டதை
என் பேனையால் எழுதினேன்:
லொசார்ட்டன். காலையில் ஒன்று.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
எழுத்துக் கூட்டி வாசித்தார்,
லொ, சார், ட்டன்.
"இதுவா பேரு? நாலு வருசமா விழுங்குறன்."
பையைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார்.
"எங்கட மருமகன்ட பேரைவிடச் சுகம், டொக்டர்."