ஜனவரி ஒன்று

ஓடென்ஸ நகரம், மூன்றாம் மாடி. சன்னலில் மழை.
டோர்தே கைப்பேசியை என்னிடம் நீட்டுகிறாள்:
"நீயே முதலில் உடைத்துப் பார்."
உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பீர் விற்கும் பக்கம். அது கேட்பது ஒன்றே:
பதினெட்டு ஆயிற்றா?
பெயர் வேண்டாமாம். முகம் வேண்டாமாம்.
பிறந்த தேதியும் வேண்டாமாம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஜனவரி ஒன்று.
முகாமில் எங்கள் கூடத்தில் படுத்திருந்த
பதினொரு பேருக்கும் ஜனவரி ஒன்று.
தேதி தெரியாமல் வந்தவர்களுக்கு அரசாங்கம் தைத்து வைத்திருந்த சட்டை,
எல்லோருக்கும் ஒரே அளவு.

ஆண்டை மட்டும் எலும்பில் தேடினார்கள்.
இடது கையை விரித்துத் தகட்டில் வைக்கச் சொன்னாள் ஒருத்தி.
தகடு சில்லென்றிருந்தது.
பிறகு பல்.
மெய்யறிய மெய்யைத் துருவினார்கள்.
பத்தொன்பது என்று வந்தது தாள்.
பதினாறு என்று நினைத்திருந்த நான்
ஒரே மதியத்தில் மூன்று வயது மூத்தேன்.
பாதாம் பூத்த வாரம் என்பாள் அம்மா.
எந்த வருடத்துப் பாதாம் என்பதில்
அவளுக்கும் மாமாவுக்கும் தீராத சண்டை.

டோர்தே கைகளால் விளக்குவாள்:
இதோ உறை, உள்ளே கார்பன் தாள், அதன்கீழ் சீட்டு.
முத்திரை குத்துகிறவர் உறைமேல் குத்துகிறார்.
சீட்டை அவர் பார்ப்பதில்லை,
குத்து மட்டும் அதில் இறங்கிவிடுகிறது.
கடைக்காரர் சீட்டைப் பார்க்கிறார், உறையைப் பார்ப்பதில்லை.
இவருக்கு யாரென்று தெரியும், எங்கென்று தெரியாது.
அவருக்கு யாரென்றே தெரியாது.
இருவரும் கூடி உட்கார்ந்து கணக்கை ஒப்பிட்டாலும்
ஒட்டாது.

முப்பது சீட்டு ஒரு கட்டு.
ஒன்று ஒரு தரத்துக்குத்தான்.

பத்து நாள் முட்டினேன்.
சீட்டைப் படியெடுத்தேன், பழையதைத் திரும்பக் கொடுத்தேன்,
இரண்டு கடைப் பதிவேடுகளை அருகருகே விரித்து
என்னையே துப்பறிந்தேன்.
ஓர் ஓட்டை அகப்பட்டது:
சீட்டு பிறந்த நேரத்தை நொடிவரை எழுதியிருந்தார்கள்.
அந்த நொடியைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்துவிடலாம்.
மழுக்கச் சொன்னேன். மழுக்கினார்கள்.
சீட்டுக்கும் இனி ஏறக்குறைய ஒரு நாள்தான், என்னைப்போல.

டோர்தேயின் மகன், பதினான்கு வயது,
எதையும் உடைக்கவில்லை.
அண்ணனின் கைப்பேசியை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.
அதற்கு எங்களிடம் கணக்கு இல்லை.
எனக்கும் ஒன்று தெரியும்,
என் சீட்டின் அடியில், வெகு ஆழத்தில்,
அந்த எலும்புத் தாள்தான் கிடக்கிறது.
டோர்தேயிடம் சொல்லவில்லை.

வெள்ளி மாலை எல்லோரும் போனபின்
கட்டில் மிஞ்சிய கடைசிச் சீட்டைக் கிழித்தேன்.
எனக்குப் பீர் பிடிக்காது.
ஆயிற்றா என்றது.
ஆயிற்று என்றேன்.
மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விட்டது.
இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்,
இடது கை மேசைமேல் விரிந்திருக்க.