குறைந்தபட்சம்

தரமணியில் ஏசி மூன்று நாளாக ஓடவில்லை.
திரையில் மெக்னீசியத்தின் கோடு.
கிணறாக இறங்கியிருக்க வேண்டியது
தாம்பாளமாகப் பரந்து கிடக்கிறது.

இது திருவோணம்,
என் ஜாதகத்தில் இருக்கும் அதே திருவோணம்.
நொடிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர்
என்று அட்டவணையில் எழுதிவிட்டு
முன்னால் ‘குறைந்தபட்சம்’ சேர்க்கிறேன்.
தரகர் நட்சத்திரம் கேட்டார், சொன்னேன்.
வேகம் கேட்கவில்லை.

ஞாயிறு மாலை, கலங்கரை விளக்கத்தின் காலடியில்
தேசப்பன் கையால் தள்ளும் குதிரை ராட்டினம்.
இந்த ஓரத்துக் குதிரை என்னை நோக்கி வருகிறது,
அந்த ஓரத்துக் குதிரை விலகிப் போகிறது.
வருவதன் ஒளி நீலத்தின் பக்கம் ஒரு மயிரிழை,
போவதன் ஒளி சிவப்பின் பக்கம் ஒரு மயிரிழை.
இங்கே நின்றால் குதிரைகளை எண்ணலாம்,
பச்சைக் குதிரைக்கு ஒரு காது இல்லை என்பதுவரை தெரியும்.
பதினேழு ஒளியாண்டு தள்ளி நின்றால்
எல்லாக் குதிரையும் ஒரே புள்ளி.
வந்ததும் போனதும் ஒன்றன்மேல் ஒன்று பூசிக்கொள்ள
கோடு அகன்றுவிடும்.
அந்த அகலத்தை வைத்துத்தான்
மொத்த வழக்கும்.

சீட்டு வாங்கி, லிப்ட்டில் ஏறி,
கம்பி வலை வழியே கீழே பார்த்தேன்.
ராட்டினம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
ஒரு குதிரைகூட என்னிடம் வரவில்லை,
ஒன்றுகூட என்னை விட்டுப் போகவில்லை.

அபிஜித் அப்படி.
இருபத்தேழில் இடம் கிடைக்காத அபிஜித்,
யாருக்கும் ஜென்ம நட்சத்திரமாகாத அபிஜித்
உச்சந்தலையை நமக்குக் காட்டியபடி சுழல்கிறது.
கோடு ஒடுக்கம். இருபது, மிஞ்சினால் இருபத்திரண்டு.
மந்தம் என்று நம்பியிருந்தோம்.
உள்ளே இருநூறுக்குக் குறையாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது,
யாரும் பக்கத்திலிருந்து பார்க்காததால்
யாருக்கும் மூச்சிரைப்பு கேட்கவில்லை.

இறங்கி வந்தபோது குழந்தைகள் மாறியிருந்தார்கள்.
ஒருத்தி வேகமா வேகமா என்று கத்துகிறாள்,
அவள் தம்பி அழுகிறான்.
இருவருக்கும் பொதுவான ஒரு வேகத்தில்
தேசப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு
மணலில் வட்டமாக ஓடுகிறார்.
அவர் கால் பட்ட இடம் மட்டும்
கெட்டித்துப் பாத்திபோல் குழிந்திருக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்க?

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.
“எங்கம்மா நடந்தேன்?
இதே எடத்துலதான இருக்கேன்.”

இருபது ரூபாய் கொடுத்தேன், பத்து திரும்பி வந்தது.
அட்டவணையில் இன்னும் எழுபத்தொரு நட்சத்திரங்கள்.
சாய்வுக்கான கட்டம் எல்லா வரிசையிலும்
காலியாகவே இருக்கிறது.